மூன்று இலவசக் காவலாளிகளும் ஒரு சம்பந்தியும்

என் சம்பந்தியை ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் என் வீட்டுப் பக்கம் வரவிடாமல் செய்தவன் நான். வாசலில் நின்று விரட்டவில்லை. அந்த அளவுக்குக்கூட எனக்கு நேர்மை கிடையாது. இலவசமாக இறக்கிக்கொண்ட ஆன்டிவைரஸை வைத்து விரட்டினேன். எழுபத்து மூன்று வயதில், வேதியியலில் முதுகலைப் பட்டம் வாங்கி, வேலைக்காலம் முழுவதும் அரசுப் பள்ளியில் பாடம் நடத்தி முடித்த பிறகு இதைச் செய்தேன். படிப்பு மனிதனை யோக்கியனாக்கும் என்று பள்ளி ஆண்டு விழாக்களில் பேசியிருக்கிறேன். கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அது மருமகளுடையது. குழந்தைகளின் பனியனில் வாத்து, யானை, முயல் என்று நூலால் தைத்த படங்கள் இருக்குமே, அவற்றை அவள் தயார் செய்து கொடுக்கிறாள். ஊசி எந்த இடத்தில் இறங்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், நூலை எங்கே அறுக்க வேண்டும் என்று ஒவ்வொரு தையலாகத் திரையில் வரைந்து கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். எங்கள் ஊரில் இதற்குப் பஞ்சிங் என்று பெயர். பகலில் அவள் வாத்துக்குக் கால் தைத்து முடித்ததும், சாயங்காலம் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் என் கைக்கு வரும்.

அவளுடைய அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இளம் வயதில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். தைத்த பனியனில் குறை தேடும் செக்கிங் பிரிவில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். ஞாயிறு காலை சர்ச் முடிந்ததும் ஒரு பொட்டலம் பப்ஸோடு நேரே எங்கள் வீட்டுக்கு வருவார். மகளோடு பேசுவார், மதியம் சாப்பிடுவார், நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்புவார். வாரத்தின் மற்ற ஆறு நாளும் அவர் அந்தச் சில மணி நேரத்துக்காகத்தான் இருந்தார். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

நாங்கள் குன்னத்தூர்ப் பக்கம் காடு தோட்டம் இருந்த குடும்பம். இப்போது வெளியூரில் வேலை பார்க்கும் மகன் விரும்பிய பெண் என்று கல்யாணத்துக்குச் சம்மதித்தேன். சம்மதித்தது வாய் மட்டும். மனசுக்குள் சாதியும் மதமும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தன. நான் அறிவியல் வாத்தியார் என்பதால் அவற்றுக்கு வேறு பெயர் வைத்திருந்தேன். 'பழக்க வழக்கம் ஒத்து வராது' என்பேன்.

சங்கதி ஒரு ராசிபலனில் ஆரம்பித்தது. நான் ராசிபலன் படிப்பவன் இல்லை என்று வெளியே சொல்லிக்கொள்பவன். ஒரு சாயங்காலம் என் ராசிக்கு என்ன போட்டிருக்கிறது என்று திறந்தபோது, திரை முழுக்கச் சிவப்பாகி, ஆம்புலன்ஸ் மாதிரி சத்தம் போட்டது. உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் என்றது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

மருமகள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அது சும்மா விளம்பரமுங்க மாமா. மூடிருங்க. நம்ம கம்ப்யூட்டர்ல உள்ளயே ஒரு ஆன்டிவைரஸ் இருக்குதுங்க. அதே போதும்."

"உள்ளயே இருக்கறது என்னத்துக்கு ஆகும் கண்ணு?"

சமையலறையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "ஊட்டுக்குள்ளயே இருக்கறதுக்கு உங்ககிட்ட என்னைக்குங்க மதிப்பு இருந்துச்சு?"

மறுநாளே ஆராய்ச்சியில் இறங்கினேன். பழைய டைரி ஒன்றில் கட்டம் போட்டுக்கொண்டேன். சிறந்த இலவச ஆன்டிவைரஸ் எது என்று சொல்லும் பக்கங்கள் ஏராளம். ஒவ்வொன்றும் முதல் வரியில் இலவசத்தைப் புகழ்ந்து, கடைசி வரியில் காசு கொடுத்து வாங்கச் சொன்னது. ஒன்று என் மின்னஞ்சல் முகவரி கேட்டது. கொடுத்தேன். இன்னொன்று போன் நம்பர் கேட்டது. அதையும் கொடுத்தேன். அன்றிலிருந்து கடன் வேண்டுமா, மனை வேண்டுமா, முழங்கால் வலிக்கு எண்ணெய் வேண்டுமா என்று நாடே என்னை விசாரிக்கிறது. முழங்கால் விஷயம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பது இன்றுவரை புரியவில்லை.

காசுக்கு விற்கும் பொருளை எதற்காகச் சும்மாவும் கொடுக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு நான் கண்டுபிடித்த விடை திருப்பூர்க்காரனுக்கு மட்டுமே தோன்றக்கூடியது. இது சர்ப்ளஸ் என்று முடிவு செய்தேன்.

காதர்பேட்டைக்கு ஒருமுறை போனவர்களுக்கு இது தெரியும். வெளிநாட்டுக்குத் தைத்ததில் மிஞ்சிய பனியன், கழுத்து லேபிளை வெட்டிவிட்டுக் குவியலாகக் கிடக்கும். அதே துணி, அதே தையல். எங்கோ ஒரு பொத்தல் இருக்கும், அல்லது சாயம் ஒரு இழை மாறியிருக்கும். வெள்ளைக்காரன் வேண்டாம் என்றதை நாம் அள்ளிக்கொண்டு வரலாம். வாத்தியார் வேலைக்குச் சட்டை வேண்டும், வீட்டில் எதற்கு? பெரும்பாலும் லேபிள் வெட்டிய பனியனில்தான் என் வாழ்க்கை ஓடியிருக்கிறது. மார்பில் யாரோ ஒரு அமெரிக்கப் பள்ளிக்கூடத்தின் பெயரோடு தேர்வுத்தாள் திருத்தியிருக்கிறேன். ஆகவே இலவச ஆன்டிவைரஸ் என்பது லேபிள் வெட்டிய ஆன்டிவைரஸ். பொத்தல் எங்கே இருக்கிறது என்று பார்த்து எடுத்தால் ஏமாற மாட்டோம்.

சர்ப்ளஸ் வாங்கப் போகிறவன் ஒன்றோடு திரும்புவதில்லை. ஒன்றில் பொத்தல் இருந்தால் இன்னொன்று மறைக்கும் என்று நானும் மூன்றை இறக்கினேன். உள்ளேயே இருந்த பழைய காவலாளி, புது ஆட்கள் வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் ஓய்வில் போய்விட்டான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

வந்த மூன்று பேரும் வேலை பார்த்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். முதலாமவன் மணிக்கொருமுறை எட்டிப்பார்த்து, முப்பத்தேழு பிரச்சினைகள் இருப்பதாகவும் காசு கட்டினால் என்னவென்று சொல்வதாகவும் சொன்னான். இரண்டாமவன் தன்னோடு ஒரு மச்சானையும் கூட்டி வந்திருந்தான். நான் கேட்காமலேயே புதிதாக ஒரு பிரவுசர் திரையில் உட்கார்ந்திருந்தது. மூன்றாமவன் மற்ற இருவரையும் திருடர்கள் என்றான். அவர்களும் அவனைப் பற்றி அதையேதான் சொன்னார்கள். கம்ப்யூட்டர் திறப்பதற்குள் ஒரு காபி குடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிடலாம்.

"மாமா, ரொம்ப மெதுவா ஓடுதுங்க," என்றாள் மருமகள். "திங்கக்கிழமை ஒரு டிசைன் அனுப்பணுமுங்க. நீங்க போட்டதை எடுத்துரலாமுங்களா?"

"பாதுகாப்புன்னா கொஞ்சம் மெதுவாத்தான் கண்ணு இருக்கும். ஏர்போர்ட்ல பாத்ததில்லையா?" என்றேன். நான் ஏர்போர்ட்டுக்குப் போனதில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் அவள் கடைவீதிக்குப் போயிருந்தாள். நான் தனியாக உட்கார்ந்து, மூன்றாமவனை முழுச் சோதனை போடச் சொன்னேன். அவன் நாற்பத்தொரு பொருளைப் பிடித்து வரிசையாக நிறுத்தி, எல்லாவற்றையும் அகற்றட்டுமா என்று கேட்டான். பட்டியலைப் படிக்கவில்லை. பெரிய பொத்தான் ஒன்று பச்சை நிறத்தில் இருந்தது. அழுத்தினேன். திரையில் பச்சையாக ஒரு டிக் வந்தது. என் விடைத்தாளுக்கு யாரோ நூற்றுக்கு நூறு போட்டது மாதிரி இருந்தது.

போன நாற்பத்தொன்றில் ஒன்று மருமகளின் பஞ்சிங் மென்பொருளின் ஒரு சின்ன ஃபைல். அந்த மென்பொருள் ஒரிஜினல் இல்லை. எங்கள் ஊரில் பலரும் வைத்திருப்பது போல, பூட்டை உடைத்த நகல். உடைத்த பூட்டு திரும்ப மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தச் சின்ன ஃபைலின் வேலை. காவலாளியின் கண்ணுக்கு அது திருட்டுச் சாவி. உண்மையில் அது திருட்டுச் சாவிதான். அந்த விஷயத்தில் மட்டும் அவன் சரியாக வேலை பார்த்திருக்கிறான்.

மறுநாள் ஞாயிறு. சம்பந்தி வந்தார். மகளுக்கென்று ஏதோ ஒரு கடையில் பாட்டு ஏற்றி வந்த பென்டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகினார். மூன்றாமவன் 'அறியாத சாதனம்' என்று கீச்சென்று கத்தினான். எந்தப் பென்டிரைவைப் பார்த்தாலும் அவன் கத்துவான்.

"என்னத்துக்கு சம்மந்தி இது இந்தக் கத்து கத்துது? யேசு பாட்டுதான் கொண்டு வந்திருக்கேன்," என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

திங்கள் காலை பஞ்சிங் மென்பொருள் திறக்கவில்லை. திறக்காவிட்டால் உள்ளே இருக்கும் டிசைன்களைப் பார்க்க முடியாது. நாலு வருட உழைப்பு. மருமகள் முகம் வெளுத்து என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, நீங்க ஏதாச்சும் அழிச்சீங்களா?"

அந்த நொடியை நான் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். 'ஆமா கண்ணு, சனிக்கிழமை ஒரு பொத்தானை அமுக்கினேன்' என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் பழியைப் போட ஓர் ஆள் தேவைப்பட்டபோது, என் கை தானாக ஒரு பக்கம் நீண்டது. அந்தப் பக்கத்தை அது கல்யாண நாளிலிருந்தே தயாராக வைத்திருந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலையே. நேத்து உங்கப்பா பென்டிரைவ் போட்டாருல்ல? அப்ப கத்துச்சே?" என்றேன்.

பொய் என்றுகூட முழுதாகச் சொல்ல முடியாது. கேள்விக்குறி போட்ட பொய். முதல் வரி மட்டும் கேள்விக்குறி போடாதது. கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போனில் நானே பேசி, பென்டிரைவைப் பற்றி முதலில் சொல்லிவிட்டேன். அவரும் பார்க்காமலேயே, "வைரஸ்தானுங்க. ஃபார்மேட் பண்ணணும். உள்ள இருக்கறதெல்லாம் போயிருமுங்க," என்று தீர்ப்பு எழுதினார். மருமகள் ஃபார்மேட்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முன்பு வேலை பார்த்த கம்பெனியிலிருந்து ஒரு லேப்டாப்பை இரவல் வாங்கி வந்து, முகம் கழுவக்கூட நேரமில்லாமல் அந்த டிசைனை முதலிலிருந்து போட்டாள். எங்கள் கம்ப்யூட்டர் மேல் ஒரு பழைய போர்வையைப் போர்த்தினாள்.

அன்று சாயங்காலம் அவள் தன் அப்பாவிடம் போனில் பேசியதை நான் கேட்டேன். கையில் செய்தித்தாள். ஒரே வரியை ஐந்தாறு தடவை படித்தேன்.

"எத்தனை தடவைப்பா சொல்றது, கண்ட கடையில பாட்டு ஏத்தாதீங்கன்னு? உங்களால நாலு வருசம் போச்சு. இனி அதை இந்த ஊட்டுக்குள்ள கொண்டாராதீங்க."

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. மகள் போன் செய்தாள். முழங்கால் வலி என்றார். அதற்கடுத்த ஞாயிறும் வலி. மூன்றாவது ஞாயிறு மருமகள் டிபன் கேரியரில் கறிக்குழம்பை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் அவர் வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு அதுவே வழக்கமாயிற்று. எங்கள் மேஜையில் ஒரு தட்டுக் குறைந்தது.

"சம்பந்திக்கு அப்படி என்ன கோவமுங்க?" என்றாள் என் மனைவி.

"எனக்கென்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாம இந்த ஊட்டுல எதுங்க கெட்டுச்சு?"

அவள் எட்டாவது வரை படித்தவள்.

ஐந்தாவது வாரம் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் போர்வையை விலக்கி, கம்ப்யூட்டரைப் போட்டேன். மனசாட்சி உறுத்தியதால் இல்லை. போனில் ராசிபலன் எழுத்து பொடியாகத் தெரிகிறது. மூன்றாமவன் எட்டிப் பார்த்து, தான் பிடித்து வைத்திருப்பவற்றைப் பார்க்கிறாயா என்று கேட்டான். பார்த்தேன். நாற்பத்தொன்றும் அப்படியே இருந்தன. எதையும் அவன் எரித்துவிடவில்லை. தனியாக ஓர் அறையில் பூட்டி வைத்திருந்தான். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சனிக்கிழமைத் தேதி, மதியம் மூன்று மணி பத்து நிமிடம். அந்த நேரத்தில் சம்பந்தி தன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார். கடைசியில் 'மீட்டெடு' என்று ஒரு பொத்தான்.

அழுத்தினேன். பஞ்சிங் மென்பொருள் திறந்தது. வாத்துகளும் யானைகளும் வரிசையாக வந்து நின்றன.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் உண்மையைச் சொல்லியிருப்பான். நான், மருமகள் வந்ததும், "தானாச் சரியாயிருச்சு கண்ணு," என்றேன்.

"தானாச் சரியாகறதுக்கு அதென்ன சளியா?" என்றாள் மனைவி.

மருமகள் டிசைன்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு மெல்லக் கேட்டாள். "அப்ப அப்பா பென்டிரைவ்ல வந்த வைரஸ் எங்கங்க மாமா போச்சு?"

"செத்திருக்கும்," என்றேன்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். அப்பாவுக்குப் போன் செய்து, எல்லாம் திரும்பி வந்துவிட்டது, ஞாயிறு வாங்க என்றாள். அவர் வரவில்லை. ஏழாவது ஞாயிறு காலிக் கேரியரோடு திரும்பி வந்தவள், சமையலறையில் என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"வர மாட்டேங்கறாருங்க அத்தை. 'உன் வீட்டுல என்னால ஒண்ணு கெட்டுப் போச்சு, இன்னொண்ணு கெட வேண்டாம் தாயி'ங்கறாரு."

மறுநாள் காலை நான் பஸ் ஏறினேன்.

வரிசையாக எட்டு வீடுகள் இருக்கும் காம்பவுண்டில் கடைசி வீடு அவருடையது. கட்டிலில் உட்கார்ந்து ஒரு புதுப் பனியனை உள்பக்கம் திருப்பி, தையல் ஓரங்களில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். தனக்கென்று வாங்கிய பனியனையே செக்கிங் செய்கிறவர்.

"வாங்க சம்மந்தி. என்ன இவ்வளவு தூரம் வந்திருக்கிய? மக நல்லா இருக்காள்லா?"

"அவ நல்லா இருக்கறாளுங்க. நான்தான்..." என்று ஆரம்பித்து, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை, பச்சைப் பொத்தான், நாற்பத்தொன்று, மூன்று மணி பத்து நிமிடம், கேள்விக்குறி. சளி வரைக்கும் சொன்னேன்.

அவர் பனியனை மடித்து வைத்தார்.

"மூணு ஆன்டிவைரஸ் எதுக்கு போட்டிய?" என்றார்.

"சர்ப்ளஸுன்னு நெனைச்சேனுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நானும் சிரித்தேன். உடனே அவர் நிறுத்திக்கொண்டார். நான் ஒரு நொடி கூடுதலாகச் சிரித்துவிட்டேன்.

"சம்மந்தி, எங்க செக்கிங்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் உண்டு. பாத்த பீஸ்ல எல்லாம் அவங்கவங்க நம்பர் ஸ்டிக்கரை ஒட்டணும். பின்னால தப்பு வந்தா, யாரு பாத்ததுன்னு தெரியும். தப்பா பாஸ் பண்ணினவனைக்கூட நான் விட்டிருக்கேன். கண்ணுதான, அசந்து போவும். ஆனா தான் பாத்த பீஸ்ல அடுத்தவன் ஸ்டிக்கரை ஒட்டினான்னு வைங்க, அன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிருவேன். அதுல பாவம் புண்ணியம் பாக்க மாட்டேன்."

நான் தலையாட்டினேன்.

"எங்கிட்ட வந்து சொல்லுதிய. எனக்குத் தெரியாதா, எம் பென்டிரைவ்ல என்ன இருந்துச்சுன்னு? ஏச்சு வாங்கினது நான். ஏசினது அவ. அவகிட்டல்லா சொல்லணும்?"

பிறகு எழுந்து டீ போட்டார். வேண்டாமே என்றேன். "குடிங்க. டீ வேற, இது வேற," என்றார்.

வீட்டுக்கு வந்து மருமகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். மனைவியும் இருந்தாள். இரண்டாவது முறை சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. மருமகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கையிலிருந்த துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"டிசைன் போயிருந்தாக்கூடப் பரவால்லைங்க மாமா. திருப்பிப் போட்டிருப்பேன். எங்கப்பாகிட்ட நான் ஊட்டுக்குள்ள கொண்டாராதீங்கன்னு சொல்லிட்டேனுங்க. அவரு பாட்டைத்தான் சொன்னேன். அவரு தன்னையச் சொன்னதா எடுத்துக்கிட்டாரு. நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க."

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் என் மனைவி அன்று வாயைத் திறக்காதது எனக்குப் பயமாக இருந்தது.

மருமகள் அன்றே கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தாள். மூன்று காவலாளிகளையும் மச்சானையும் சேர்த்து வெளியே அனுப்பினாள். கிளம்பும்போது ஒவ்வொருவனும் 'எங்களை ஏன் விட்டுப் போகிறீர்கள்' என்று காரணம் கேட்டான். உள்ளேயே இருந்த பழையவன் மறுபடி வேலைக்கு வந்தான். ஒரு சத்தம் கிடையாது. இருக்கிறானா என்றே தெரிவதில்லை. உடைந்த பூட்டு மென்பொருளைத் தூக்கிவிட்டு, மாதச் சந்தாவுக்கு ஒரிஜினலை வாங்கியிருக்கிறாள். சந்தா என் ஓய்வூதியத்திலிருந்து போகட்டும் என்றேன். வேண்டாமுங்க என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்.

அப்பாவிடம் அவள் போனில் நெடுநேரம் அழுதாள். அவர் வருகிறேன் என்று சொல்லவில்லை. வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "உங்க மாமனார் கூப்பிடட்டும்," என்றாராம்.

சனிக்கிழமை நான் கூப்பிட்டேன். அடுத்த நாள் வந்தார், பப்ஸோடு. சாப்பிட்டார், பேசினார், நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். எல்லாம் முன்பு போலவே. கணக்குத் தீர்ந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் கூப்பிடவில்லை. அவர் வரவில்லை. மருமகள் வாசலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதுதான் இது ஒரு தடவையோடு முடிகிற ஏற்பாடு இல்லை என்று எனக்கு விளங்கியது.

முன்பெல்லாம் அவர் யாரும் கூப்பிடாமல் வந்த வீடு இது. இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் சாயங்காலம் நான் கூப்பிடுகிறேன். அவருடைய போனில் என் பெயர் வரும். ஆனாலும் எடுத்ததும், "யாரு?" என்பார்.

"நான்தானுங்க, சம்பந்தி பேசறேன்."

"சொல்லுங்க. என்ன விசயம்?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்க. ஊட்டுக்கு வாங்க."

"பாக்கேன்," என்பார்.